மலைப் பயண அடுப்பும் அதன் எரிபொருளும்

மாணவரை மலையேற்றத்திற்கு அழைத்துச் செல்வோர் அடுப்பின் எடையையே முதலில் நோக்குகின்றனர். நோக்க வேண்டுவது எரிபொருளை. மும்பையின் மாதுங்கா, செம்பூர்ப் பகுதிகளிலிருந்து 1,646 மீட்டர் உயரமுள்ள கல்சுபாய் சிகரத்திற்குச் செல்வோர் பலரும் கசாரா வரை ரயிலிலேயே செல்வர். மண்ணெண்ணெய், பெட்ரோல், எரிவாயு எதனையும் பயணி ரயிலில் எடுத்துச் செல்லலாகாது. 1989ஆம் ஆண்டு ரயில்வேச் சட்டப்படி அது குற்றம். 2023 ஆகஸ்டு 26 அன்று மதுரையில் நின்ற சுற்றுலாப் பெட்டியொன்றில், மறைத்துக் கொணர்ந்த எரிவாயு உருளையால் எழுந்த தீயில் 9 பேர் மாண்டனர்.

ஆகவே, துடைத்து உலர்த்திய வெற்று அடுப்பைக் கொண்டு சென்று, மலையடியில் கிடைக்கும் எண்ணெயை நிரப்பிக் கொள்ளுதலே தக்கது. இதற்குப் பல எரிபொருள் அடுப்பு ஏற்றது. இதன் தத்துவம், 1892இல் சுவீடனில் லிண்ட்குவிஸ்ட் என்பார் அமைத்த பிரைமஸ் ஸ்டவ்வின் தத்துவமே. பம்பின் அழுத்தத்தால் ஏறும் எண்ணெய், சூடேறிய குழாயில் ஆவியாகி, நிப்பிளின் நுண்துளை வழியே பாய்ந்து, காற்றுடன் கலந்து நீலச் சுடராக எரிகிறது. குழாய் சூடேறுமுன் பம்பு அடித்தால் எண்ணெய் திரவமாகவே பீறிட்டு மஞ்சள் தீ எழும்.

மண்ணெண்ணெய்க்குச் சிறிய துளையும் பெட்ரோலுக்குச் சற்றுப் பெரிய துளையும் பொருந்தும். பல வகைகளில் எரிபொருளுக்கேற்ப நிப்பிளை மாற்றுதல் வேண்டும். மண்ணெண்ணெய்க்கென்றே செய்த வீட்டு ஸ்டவ்வில் பெட்ரோலை ஒருபோதும் ஊற்றலாகாது. பெட்ரோலின் ஆவி உறைபனிக் குளிரிலும் தீப்பற்றும்.

பியூட்டேன் வாயுக் குப்பி −0.5 பாகை செல்சியசுக்குக் கீழ்ப் பயன்படாது. சஹ்யாத்ரியில் இக்குறை தோன்றுவது அரிது, இமயத்தில் தோன்றும்.

எவ்வகை அடுப்பாயினும் மூடிய கூடாரத்தினுள் ஏற்றலாகாது. அங்குச் சேரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை.