உத்தியோகமும் பட்டமும்

கேள்வி: தொழிற்சாலையில் ஷிப்டு வேலை பார்க்கும் நான், வேலையை விடாமலே பட்டம் பெற இயலுமா? திறந்தநிலைப் பல்கலைக்கழகம் எங்ஙனம் இயங்குகிறது?
– ஒரு வாசகர், காஞ்சன்பாக், ஹைதராபாத்

பதில்: தாராளமாக இயலும். பாரதத்தின் முதல் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1982-இல் உதயமானதே தங்கள் நகரத்தில்தான். இன்று அது அம்பேத்கரின் திருநாமத்தைத் தாங்கி நிற்கிறது. 1985-இல் தோன்றிய இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமோ, பிராந்திய மையங்களையும், அவற்றின் கீழ்ப் பெரும்பாலும் பிற கல்லூரிகளின் கட்டடங்களிலேயே விடுமுறை நாட்களில் வகுப்பு நடத்தும் படிப்பு மையங்களையும் தேசமெங்கும் நிறுவி, பாடநூலையே பிரதான ஆசானாக்கி, கிரெடிட் எனும் பாட அலகு ஒன்றுக்கு முப்பது மணி நேர உழைப்பு என்று கணக்கிட்டு, மூன்றாண்டுப் பட்டத்தை ஆறாண்டு வரையில் நிதானமாக முடிக்க அவகாசம் அளிக்கிறது. பரீட்சை ஜூனிலும் டிசம்பரிலும் நடைபெறும். வீட்டிலிருந்து எழுதி அனுப்பும் அசைன்மென்டுகளுக்கும் பெரும்பாலான பாடங்களில் நூற்றுக்கு முப்பது பங்கு மதிப்பு உண்டு. ஆதலால், அவற்றை அலட்சியம் செய்யலாகாது. சேருமுன், தாங்கள் விரும்பும் படிப்புக்குப் பல்கலைக்கழக மானியக் குழுவின் அங்கீகாரம் உண்டா என்பதை அவசியம் விசாரித்தறியுங்கள்.