கோடையில் ஓய்வும் விளையாட்டும்

 

மே மாதம் பிறந்துவிட்டால் நம் வீடுகளில் ஒரு கேள்வி எழுகிறது. பள்ளிக்கூடம் மூடியாகிவிட்டது, பிள்ளைகளை என்ன செய்வது? பலர் கண்ட விடை, காலையில் மத்ரஸாவின் கோடை வகுப்பு, பகலில் கணினி வகுப்பு, மாலையில் ஆங்கிலப் பேச்சு வகுப்பு. மிச்ச நேரத்துக்கு அத்தாவின் செல்போன். ஓய்வென்றால் சோம்பல், விளையாட்டென்றால் வீண் என்ற எண்ணம் மார்க்கப்பற்றின் பெயராலேயே நம்மில் ஊறிப் போயிருக்கிறது. மார்க்கம் அப்படிச் சொல்கிறதா?

திருமறையின் 12ஆவது அத்தியாயத்தைத் திறந்து பாருங்கள். யூசுஃப் (அலை) அவர்களின் சகோதரர்கள் தந்தையிடம் வந்து, தம்பி உண்டு களித்து விளையாட நாளை எங்களோடு அனுப்புங்கள் என்று கேட்கிறார்கள். கேட்டவர்கள் வஞ்சகத்தோடு வந்தவர்கள்தாம். ஆனாலும் ஒரு நபியிடம் சொல்லத்தக்க காரணம் என்று அவர்கள் தேர்ந்தெடுத்தது விளையாட்டை! யஃகூப் (அலை) அவர்களும், விளையாட்டு எதற்கு என்று கேட்கவில்லை. பிள்ளையைப் பிரிவது வருத்தம் தரும், நீங்கள் கவனமற்று இருக்கையில் ஓநாய் தின்றுவிடுமோ என்றுதான் அஞ்சினார்கள். கோடைதோறும் குளத்திலும் கல்குவாரிக் குட்டையிலும் மூழ்கி இறந்த சிறுவர்களின் செய்தி வருகிறதே, அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்த வசனம் நினைவுக்கு வரும். பிள்ளை குளிக்கப் போகட்டும். நீந்தத் தெரிந்த பெரியவர் ஒருவர் கூடவே போக வேண்டும்.

இனி, ஓய்வு. அந்நூர் அத்தியாயத்தின் 58ஆவது வசனம், வீட்டாரின் அறைக்குள் பணியாட்களும் சிறுவர்களும் அனுமதி கேட்டே நுழைய வேண்டிய மூன்று நேரங்களைக் கூறுகிறது. சுபுஹுக்கு முன், இஷாவுக்குப் பின், இவற்றுக்கு நடுவே, வெப்பத்தால் மேலாடை களையும் நண்பகல். பகல் ஓய்வு குடும்பத்தின் அன்றாட வழக்கம் என்பதை ஏற்றுக்கொண்டு, அதற்கு வேலியும் போட்டுவிட்டது இறைமறை. இந்தப் பகல் தூக்கத்துக்குத்தான் கைலூலா என்று பெயர். ஜும்ஆ நாளில் தொழுகை முடிந்த பிறகே தாங்கள் பகலுணவு உண்டு கைலூலா கொண்டதாக ஸஹ்ல் இப்னு ஸஅத் (ரலி) அறிவிப்பது புகாரியில் பதிவாகியுள்ளது. வெயில் கடுமையானால் வெப்பம் தணியும்வரை லுஹரைத் தாமதப்படுத்துமாறு பெருமானார் (ஸல்) அவர்கள் ஏவியதும் புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உண்டு. கடமையான தொழுகைக்கே வெயிலில் சலுகை உண்டென்றால், நம் வகுப்புகள் எம்மாத்திரம்?

நம் ஊர்களில் மே மாதத்தில் இஷாவுக்கும் சுபுஹுக்கும் இடையே ஒன்பது மணி நேரம்கூட இல்லை. சாப்பாடு, பேச்சு, புழுக்கம் போகக் கிடைக்கும் உறக்கம் எவ்வளவு என்று நீங்களே கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.

இந்தக் கணக்கு எனக்கும் ஒரு காலத்தில் தெரியவில்லை. எங்கள் மஹல்லா மத்ரஸாவில் நான் நடத்திய முதல் கோடை வகுப்பு காலை ஒன்பது முதல் பன்னிரண்டு, மீண்டும் இரண்டு முதல் நாலு. இரண்டாம் வாரத்தில் பத்து வயதுப் பையன் ஒருவன் பிற்பகல்தோறும் ஓதும் பலகை மீதே தலை சாய்த்து உறங்கினான். பிரம்பால் பலகையைத் தட்டி எழுப்பி, எல்லார் முன்னிலையிலும் நிற்க வைத்தேன். மறுநாள் அவன் வரவில்லை. வீடு தேடிப் போனேன். கதவுக்குப் பின்னிருந்து அவன் தாயார் சொன்னார்: “ஹஜ்ரத், புள்ள நாலரை மணிக்கே நன்னாவோட சுபுஹுக்குப் பள்ளிக்குப் போயிடுறான். ஒரு நாள் தவறல.” சுபுஹு ஜமாஅத்துக்கு எழுந்த பிள்ளையை, அதற்காகவே நான் நிற்க வைத்திருக்கிறேன்! பிற்பகல் வகுப்பை அன்றே நிறுத்தினேன். மூன்று நாள் கழித்து அவன் வந்தான். முன்வரிசையில் மட்டும் உட்காரவில்லை.

ஹிஜ்ரி 505இல் மறைந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் பிள்ளை வளர்ப்பைப் பற்றிப் பேசும் இடத்தில், ஓதிவிட்டு வந்த சிறுவனை நல்ல விளையாட்டு விளையாட விட வேண்டும், அதைத் தடுத்து ஓயாமல் படிக்க வைத்தால் அவன் உள்ளம் செத்து அறிவு மங்கிவிடும் என்று எச்சரிக்கிறார்கள். அந்த எச்சரிக்கை என் போன்ற ஓதிக்கொடுப்பவருக்கு உரியது. அதை நான் அந்தப் பையனுக்கு முன்பே வாசித்திருந்தேன் என்பதுதான் வெட்கம்.

அண்ணலாரின் நடைமுறையோ இன்னும் மென்மையானது. அபூ உமைர் என்ற சிறுவர், தாம் விளையாடிய சிட்டுக்குருவி போன்ற பறவை இறந்ததால் வாடியிருந்தபோது, அதைப் பற்றி அன்போடு விசாரித்தார்கள். பொம்மை வைத்து விளையாடிய ஆயிஷா (ரலி) அவர்களின் தோழியர், பெருமானாரைக் கண்டு ஒளிந்தால், அவர்களை மீண்டும் விளையாட அனுப்பி வைப்பார்கள். ஆயிஷா நாயகியோடு ஓட்டப் பந்தயமும் ஓடினார்கள். முதல் முறை நாயகி வென்றார். பிற்காலத்தில் உடல் பருத்தபின் ஓடியபோது பெருமானார் வென்று, அதற்கு இது ஈடு என்றார்களாம்.

வரம்பும் உண்டு. பணம் கட்டி ஆடுவது சூது. திருமறை 5:90 அதை மதுவோடு சேர்த்தே விலக்குகிறது. பகடை உருட்டும் ஆட்டங்களைப் பெரும்பாலான இமாம்கள் தடுத்துள்ளார்கள். தொழுகை நேரத்தை விழுங்குகிற எதுவும் வேண்டாம். கிளித்தட்டு, கபடி, பம்பரம், பச்சைக்குதிரை என்று இவற்றுக்கு வெளியே எத்தனையோ இருக்கின்றன.

எல்லாருக்கும் ஓய்வைப் பற்றிப் பேசிவிட்டு அடுப்படியில் நிற்பவரை மறந்துவிடுகிறோம். பிள்ளைகள் வீட்டிலிருக்கும் இரண்டு மாதமும் அந்தச் சகோதரிக்கு வேலை இரட்டிப்பு. பெருமானார் வீட்டில் என்ன செய்வார்கள் என்று கேட்டபோது, குடும்பத்தாரின் வேலைகளில் இருப்பார்கள், தொழுகை நேரம் வந்ததும் புறப்படுவார்கள் என்று ஆயிஷா (ரலி) அவர்கள் பதிலளித்தார்கள். ஆகவே பகலுணவு முடிந்ததும் பாத்திரம் கழுவுவதை அத்தாவும் பிள்ளைகளும் ஏற்கட்டும்; அம்மா அஸர் பாங்கு வரை படுக்கட்டும். எங்கள் மத்ரஸாவில் இப்போது கோடை வகுப்பு காலை ஆறரை முதல் ஒன்பதரை வரை மட்டுமே. அஸருக்குப் பிறகு பள்ளிவாசல் பின்புறத்துத் திடலில் பிள்ளைகள் ஆடுகிறார்கள். மஃரிபுக்குச் சற்று முன் கைகால் கழுவி உளூச் செய்ய ஹவுளுக்கு ஓடி வருகிறார்கள்.