சூட்டில் நிற்கும் புல்லட்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

மதுரையிலிருந்து கன்னியாகுமரிக்குப் போகும் நான்குவழிச் சாலையில், கயத்தாறு தாண்டி கங்கைகொண்டான் வரும்வரை நிழலுக்கு ஒதுங்க இடம் தேட வேண்டும். சித்திரை, வைகாசி மதியங்களில் அந்தப் பாதையில் பழைய புல்லட் ஒன்று ஓரங்கட்டி நிற்கும். பக்கத்தில் நிற்கும் யாராவது ஒருவர் கட்டாயம் சொல்வார்: "சூடாயிட்டு அண்ணாச்சி, செத்த நேரம் ஆறப்போட்டா சரியாயிரும்."

சொன்னபடியே அரைமணி நேரத்தில் வண்டி கிளம்பிவிடும். அதனால்தான் இந்த நம்பிக்கை இத்தனை காலம் உயிரோடு இருக்கிறது.

நான் பேசுவது பாயிண்ட் வைத்த, வார்ப்பிரும்பு சிலிண்டர் புல்லட்டைப் பற்றி. இங்கிலாந்தில் ரெட்டிச் நகரத்து ராயல் என்ஃபீல்டும் மெட்ராஸ் மோட்டார்ஸும் கைகோத்து 1955-ல் என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. திருவொற்றியூர் தொழிற்சாலையில் உருவான வண்டி இது. நம் ராணுவம் இதை வாங்கியதே எல்லை ரோந்துக்காகத்தான். பாலைவனத்தில் ஓடிய இன்ஜின் கயத்தாறு வெயிலுக்கு மட்டும் பயப்படுமா?

"சூடானால் பழைய வண்டி நிற்கத்தான் செய்யும்"

நிற்கக் கூடாது. நின்றால் ஏதோ ஒரு பாகம் பழுதாகி வருகிறது என்று பொருள். 'பெட்ரோல் ஆவியாயிட்டு' என்றும் சிலர் சொல்வார்கள். டேங்க் மேலே, கார்புரேட்டர் கீழே, பெட்ரோல் தானாக இறங்கும் இந்த அமைப்பில் அது அபூர்வம். வழக்கமாகச் சிக்குவது மூன்று: டேங்க் மூடி, கன்டென்சர், காயில்.

டேங்க் மூடியில் காற்று உள்ளே போக ஒரு சிறு துளை உண்டு. தூசியோ துருவோ அதை அடைத்துவிட்டால், பெட்ரோல் குறையக் குறைய டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகும். ஒரு கட்டத்தில் பெட்ரோல் இறங்காது. வண்டி நிற்கும் நேரத்தில் காற்று மெல்லக் கசிந்து உள்ளே போவதால், பிறகு கிளம்பிவிடும். ஆற வைத்ததால் கிளம்பியதாக நாம் நினைத்துக்கொள்கிறோம். வண்டி நின்ற உடனே, ஆறவிடாமல், மூடியைத் திறந்து பாருங்கள். 'உஸ்' என்று காற்று இழுக்கும் சத்தம் கேட்டு, அடுத்த சில உதையில் இன்ஜின் பிடித்துக்கொண்டால் குற்றவாளி அந்தத் துளைதான். குண்டூசியால் குத்திவிட்டால் வேலை முடிந்தது.

அதனால் சரியாகவில்லை என்றால், டேங்க் மூடியை இறுக்கிவிட்டு, பெட்ரோல் வாடை இல்லாத நிலையில் பிளக்கைக் கழற்றிக் கேப்பில் மாட்டுங்கள். பிளக்கின் உடம்பை, அது இருந்த துளைக்குச் சற்றுத் தள்ளி, சிலிண்டர் ஹெட்டில் அழுத்தி வைத்துக் கிக்கரை உதைக்க வேண்டும். பளிச்சென்று நீலப் பொறி வந்தால் கரண்ட் பக்கம் பழுதில்லை. மஞ்சளாகவோ சிவப்பாகவோ சோம்பலாக வந்தால் அடுத்துப் பார்க்க வேண்டியது பாயிண்டை. பாயிண்ட் மூடியைத் திறந்துவைத்துக்கொண்டு உதைக்கும்போது பாயிண்டிலேயே பெரிய பொறி பறந்தால் கன்டென்சர் போய்விட்டது. பாயிண்ட் அமைதியாக இருந்தும் பிளக்கில் உயிர் இல்லையென்றால் சந்தேகம் காயில் மேல் விழும். காயிலுக்குள் இருக்கும் மெல்லிய கம்பிச் சுற்றின் காப்பு, சூட்டில் விரியும்போது விட்டுக்கொடுக்கும். ஆறினால் மறுபடி சேர்ந்துகொள்ளும். அதனால்தான் பட்டறையில் மீட்டர் வைத்துப் பார்க்கும்போது அது நல்ல பிள்ளையாக இருக்கிறது. உயர் அழுத்தத்தில் மட்டும் தலைகாட்டும் பழுதைச் சாதாரண மல்டிமீட்டர் காட்டாது.

இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்கக் கால்மணி நேரம் போதும். அது தெரியாமல் கார்புரேட்டரை மாற்றி, பிளக்கை மாற்றி, கடைசியில் மொத்த ஒயரிங்கையும் பிடுங்கிப் போட்ட வண்டிகள் ஏராளம். அறுபது ஆண்டு உழைத்த அசல் பொருள் பழைய இரும்புக் கடைக்குப் போய், தரமில்லாத நகல் அந்த இடத்தில் ஏறுவதைப் பார்க்க எனக்கு வயிறு எரிகிறது.

"அம்மீட்டர் அழகுக்கு, ஒயரைச் சேர்த்துக் கட்டிவிடலாம்"

பழைய புல்லட்டில் பழுது பார்க்க இதைவிட நல்ல கருவி இல்லை. அதுவும் வண்டியோடு இலவசமாக வருகிறது. ஹெட்லைட்டை அணைத்து, சாவியைப் போட்டு, கிக்கரை மெதுவாக அழுத்துங்கள். பாயிண்ட் மூடும்போது முள் கழித்தல் பக்கம் சாய வேண்டும், திறக்கும்போது நடுவுக்குத் திரும்ப வேண்டும். இப்படி ஆடினால் பேட்டரியிலிருந்து காயில் வழியாகப் பாயிண்ட் வரை பாதை திறந்திருக்கிறது. முள் அசையவே இல்லையென்றால் பாதை எங்கோ அறுந்திருக்கிறது, அல்லது பாயிண்டில் அழுக்குப் படிந்து மூடினாலும் ஒட்டவில்லை. சாய்ந்த முள் திரும்பாமல் அங்கேயே நின்றால் பாயிண்ட் திறக்கவில்லை, அல்லது கன்டென்சர் ஷார்ட் ஆகிவிட்டது. ஸ்பானரைத் தொடுவதற்கு முன்பே இத்தனையும் தெரிந்துவிடுகிறது.

ஐடிலில் ஹெட்லைட் போட்டால் முள் கழித்தலில் நிற்பது இயல்பு. பழைய ஆல்டர்னேட்டர் ஐடிலில் கொடுப்பது கொஞ்சம்தான். வாரம் ஒருமுறை வீட்டு வாசலில் பத்து நிமிடம் ஓடவிட்டுப் பேட்டரியைக் காப்பாற்றிவிட்டதாக நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். தாழையூத்து வரை ஒரு நடை ஓட்டிவிட்டு வந்தால்தான் சார்ஜ் ஏறும்.

"புதுசா பெயிண்ட் அடிச்சாச்சு, இனிமேல் தொல்லை இருக்காது"

தொல்லை தொடங்குவதே அங்கேதான். பேட்டரியிலிருந்து கிளம்பும் கரண்ட் திரும்பி வருவது வண்டியின் இரும்பு உடம்பு வழியாக. சேஸிஸ், இன்ஜின் மவுண்ட் எல்லாவற்றிலும் தடிமனாகப் பெயிண்ட் ஏறிவிட்டால் அந்தத் திரும்பும் வழி அடைபடுகிறது. புதுப்பித்த வண்டி பழைய வண்டியை விட மோசமாக ஓடினால் முதலில் எர்த்தைப் பாருங்கள். போல்ட் உட்காரும் இடத்தில் ஒரு காசு அகலத்துக்குப் பெயிண்டைச் சுரண்டி, பளபளக்கும் இரும்பில் ஒயரை முடுக்கி, மேலே கொஞ்சம் வாசலின் தடவினால் போதும்.

இதை அளக்கவும் முடியும். மல்டிமீட்டரை 20 வோல்ட் டிசியில் வையுங்கள். ஒரு முனை பேட்டரியின் எர்த் முனையில், மறுமுனை இன்ஜின் உடம்பில். லைட்டைப் போட்டு, சாவியைத் திருப்பி, பாயிண்ட் மூடிய நிலையில் 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. பழைய பிரிட்டிஷ் வண்டிகள் பலவற்றில் பாசிட்டிவ்தான் எர்த் என்பதால், பேட்டரி மாட்டும் முன் எந்த முனை உடம்புக்குப் போகிறது என்று பார்த்துக்கொள்வது நல்லது. தலைகீழாக மாட்டினால் ரெக்டிஃபையர் கருகிவிடும்.

"வெளிச்சம் போதலன்னா பெரிய பல்பு போடு"

கங்கைகொண்டானில் புள்ளிமான் சரணாலயம் இருக்கிறது, 2013-ல் அறிவித்தார்கள். சிப்காட்டில் இரவு ஷிப்ட் முடித்து வருகிறவருக்கும், விடியுமுன் கன்னியாகுமரி போய்ச் சேர நினைக்கிறவருக்கும் அங்கே நல்ல வெளிச்சம் கட்டாயம் வேண்டும். ஆனால் 100 வாட் பல்பு 12 வோல்ட்டில் 8 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். பழைய சுவிட்சும் மெல்லிய ஒயரும் சூடாகி வோல்டேஜை வழியிலேயே தின்றுவிடும். பல்புக்குப் போகும் வோல்டேஜ் 10 சதவீதம் குறைந்தால் வெளிச்சம் ஏறக்குறைய 30 சதவீதம் குறையும். ஆகவே இருக்கிற பல்புக்கே முழு வோல்டேஜ் கிடைக்கச் செய்வதுதான் வழி. பேட்டரியிலிருந்து ஃபியூஸோடு தடித்த ஒயர், நடுவில் ஒரு ரிலே, பல்பு ஹோல்டரிலிருந்து தனியாக ஒரு எர்த் ஒயர். ஹேண்டிலைத் திருப்பும்போது லைட் மினுக்கினால் அந்த எர்த் ஒயர் இல்லை, அல்லது அறுந்திருக்கிறது. பல வண்டிகளில் ஹெட்லைட்டின் எர்த், ஹேண்டில் திரும்பும் பால்ரஸ் வழியாக, கிரீசைத் தாண்டித்தான் போய்க்கொண்டிருக்கிறது.

"தாமிரபரணித் தண்ணீர்தானே, பேட்டரிக்கு ஊத்தலாம்"

அல்வாவுக்கு ஊற்றலாம். எவ்வளவு இனித்தாலும் ஆற்றுத் தண்ணீரில் கரைந்த உப்புகள் உண்டு. போர் தண்ணீரில் இன்னும் அதிகம். குளோரைடும் இரும்பும் ஈயத் தகடுகளை அரித்து, சும்மா இருக்கும்போதே சார்ஜை வடியவைக்கும். டிஸ்டில்டு வாட்டர் மட்டும்தான். ஆசிட் சிந்திப்போனால் ஒழிய மறுபடி ஆசிட் சேர்க்கக் கூடாது, ஏனென்றால் வெயிலில் வற்றுவது தண்ணீர் மட்டுமே. முழுச் சார்ஜில் ஓய்வாக இருக்கும் 12 வோல்ட் பேட்டரி 12.6 காட்டும், 6 வோல்ட் பேட்டரி 6.3. பேட்டரியைச் சிமெண்ட் தரையில் வைத்தால் சார்ஜ் இறங்கும் என்பது மரப்பெட்டி பேட்டரி காலத்துப் பேச்சு. பிளாஸ்டிக் பெட்டிக்கு அந்தப் பயம் வேண்டாம்.

"டேப்பட் சத்தம் வந்தா டைட் பண்ணணும்"

இந்த ஒரு பழக்கம் எத்தனையோ எக்ஸாஸ்ட் வால்வுகளைக் கருக்கியிருக்கிறது. சிலிண்டருக்குக் கீழே வலப்பக்கம், ஒரே நட்டில் நிற்கும் சிறு மூடியைக் கழற்றினால் இரண்டு புஷ்ராடுகளின் அடி தெரியும். பிஸ்டன் கம்ப்ரஷன் முடிந்து உச்சியில் நிற்கும்போது இரண்டையும் விரலால் சுற்றிப் பார்க்க வேண்டும். தடையில்லாமல் சுழல வேண்டும், ஆனால் மேலும் கீழும் ஆடக் கூடாது. இன்ஜின் சூடானால் சிலிண்டர் விரிந்து இடைவெளி கூடிவிடும். அப்போது கேட்கும் சத்தத்தை நம்பி முடுக்கினால், ஆறிய பிறகு வால்வு முழுதாக மூடாது. ஓட்டிவந்த சூட்டோடு இந்த மூடியில் கைவைக்க வேண்டாம். மறுநாள் காலையில், இன்ஜினைக் கிளப்பும் முன் பாருங்கள்.