பிப்ரவரியில் ஏது வைகுண்ட ஏகாதசி?

ஸ்ரீரங்கத்தில் தங்கும் விடுதி நடத்தும் ஒருவரின் கேள்வி: "முன்பதிவுகளை ஆக்ஸஸ் படிவத்தில் ஏற்றுகிறோம். விடுதியின் கணினியில் அடித்தால் தேதி சரியாக விழுகிறது. தில்லைநகர் அலுவலகத்தில் அடித்தால் சில தேதிகள் மட்டும் மாறிவிடுகின்றன. படிவம் ஒன்றுதானே, ஏன் இப்படி?"

'சில மட்டும்' என்கிறீர்களே, துப்பு அங்கேதான் இருக்கிறது. ஸ்ரீரங்கத்தில் வைகுண்ட ஏகாதசிக்காகப் பரமபத வாசல் திறந்த ஐந்து நாள்களைத் தில்லைநகர் கணினியில் அடித்துப் பாருங்கள்: 14/12/2021, 02/01/2023, 23/12/2023, 10/01/2025, 30/12/2025. அந்தக் கணினியின் விண்டோஸ் அமெரிக்க முறையில் இருந்தால் மாதத்தைத்தான் முதலில் படிக்கும். 02/01 பிப்ரவரி 1 ஆகிவிடும், 10/01 அக்டோபர் 1. மற்ற மூன்றும் தப்பிவிடும். பதினான்காம் மாதம் என்று ஒன்று இல்லாததால் ஆக்ஸஸ் தானாகவே நாளையும் மாதத்தையும் இடம் மாற்றி, டிசம்பர் 14 என்று வைத்துக்கொள்கிறது. எச்சரிக்கை எதுவும் வராது. ஆக, 13-ஆம் தேதி முதல் எல்லாம் சரி, 12 வரை, நாளும் மாதமும் ஒரே எண்ணாக இருப்பவை தவிர, எல்லாம் கோளாறு. இந்தக் கெட்டிக்காரத்தனத்துக்குப் பதில், 'இது செல்லாது' என்று மறுத்திருந்தால் முதல் நாளே பிடிபட்டிருக்கும்.

கன்ட்ரோல் பேனலில் 'ரீஜியன்' பகுதிக்குப் போய் 'இங்கிலீஷ் (இந்தியா)' என்று மாற்றி, ஆக்ஸஸை மூடித் திறங்கள். அடுத்து, தேதிக் கட்டத்தின் 'ஃபார்மட்' பண்பில் டி இரண்டு, எம் மூன்று, ஒய் நான்கு என்று இடையில் சிறு கோடிட்டு எழுதுங்கள். மாதம் எழுத்தில் தெரியும். ஜனவரி என்று நினைத்து அடித்தது பிப்ரவரியாக விழுந்தால், அடித்தவர் கண்ணிலேயே படும். பலர் 'இன்புட் மாஸ்க்' போட்டுவிட்டு நிம்மதியாகிவிடுகிறார்கள். எத்தனை இலக்கம் என்பதை மட்டுமே அது பார்க்கும். எது நாள், எது மாதம் என்று அதற்குத் தெரியாது.

பழைய பதிவுகள் இதனால் சரியாகிவிடாது. ஆக்ஸஸ் தேதியை எண்ணாகத்தான் சேமிக்கிறது, 30.12.1899-ஐப் பூஜ்யமாக வைத்து எண்ணும் நாள் கணக்கு அது. 02.01.2023 என்றால் 44928. உங்கள் அட்டவணையில் 44958 உட்கார்ந்திருந்தால், எந்த நாட்டு முறைக்கு மாற்றினாலும் அது பிப்ரவரி 1-தான். எனவே முதலில் கோப்பை நகல் எடுத்து வையுங்கள். தில்லைநகரில் ஏற்றியவற்றில், நாள் 12-க்குள் இருப்பவற்றை மட்டும் பிரித்தெடுங்கள். நாளும் மாதமும் ஒரே எண்ணாக இருந்தால் விட்டுவிடலாம். மிச்சத்தை ரசீதுப் புத்தகத்தோடு ஒப்பிட்டு, தவறானவற்றை 'டேட்சீரியல்' சார்பு கொண்டு மாற்றுங்கள். வந்து தங்கிய நாளுக்குப் பிறகு முன்பதிவு செய்ததாகக் காட்டும் வரிகளை முதலில் பாருங்கள். மொத்தமாகப் புரட்டிப்போடும் வேலை மட்டும் வேண்டாம், சரியாக இருந்ததும் கெட்டுவிடும்.

கணினி முறை சரியாக இருந்தும் அறிக்கையில் தேதி புரண்டால், மென்பொருள் எழுதிக் கொடுத்தவரைக் கேளுங்கள். எஸ்க்யூஎல் வரியில் # குறிகளுக்கு நடுவே எழுதும் தேதியை ஆக்ஸஸ் எந்த நாட்டுக் கணினியிலும் மாதம் முதலாகத்தான் படிக்கும். அங்கே ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் எழுதச் சொல்லுங்கள்.

தேதிக் களத்தை 'டெக்ஸ்ட்' வகையாக வைத்திருக்கிறீர்களா என்றும் பாருங்கள். அப்படியானால் மேலே சொன்ன ஐந்து நாள்களை வரிசைப்படுத்தும்போது 02.01.2023 முதலில் வரும், 2021 மூன்றாவதாகப் போய் நிற்கும்.

ஸ்ரீரங்கத்துக்கென்று ஒரு சிக்கலும் உண்டு. விழா நாள்களுக்குத் தனி அட்டவணை வைத்து, அதில் விழாப் பெயரையும் ஆண்டையும் சேர்த்துத் திறவுகோலாக ('பிரைமரி கீ') வைத்தால், 2025 டிசம்பர் ஏகாதசியை ஏற்றும்போது 'ஏற்கெனவே இருக்கிறது' என்று மறுக்கும், அந்த ஆண்டு ஜனவரியிலும் ஒன்று வந்ததால். 2023-இலும் அப்படியே இரண்டு. 2022, 2024 ஆண்டுகளில் ஒன்றுகூட இல்லை. சூத்திரம் போட்டுக் கணக்கிடவும் முயல வேண்டாம். 2021-இல் இங்கே கார்த்திகையிலேயே கொண்டாடினார்கள், மற்றக் கோயில்களில் 13.01.2022 அன்று. கோயில் அறிவிக்கும் முழுத் தேதியை அப்படியே ஏற்றி, அதையே திறவுகோலில் சேருங்கள்.