மணம் போனால் சுவை போமோ?

வரதராசப் பெருமாள் கோயில் இட்டலியை நம் கல்லூரியில் அறியாதார் இலர். மூக்கு மணம் அறியாதவர் அதனை உண்டால் உப்பும் மிளகின் உறைப்பும் தெரியும். நெய்யும் சீரகமும் தெரியா. காரணம் யாது? நெய், சீரகத்தின் மணம் தொண்டை வழியே மூக்கின் உச்சியை அடைந்த பின்னரே சுவையாகத் தோன்றும். நம் முன்னோர் அறுசுவையுள் வைத்த கார்ப்போ, அறிவியல் நோக்கில் சுவையன்று. வேறொரு நரம்பு உணரும் எரிச்சல்.

கொரோனா வைரஸ் மண நரம்பணுக்களைவிட அவற்றைத் தாங்கும் துணையணுக்களையே பெரிதும் தாக்குகிறது. அவை மீண்டும் வளர்வதால் பெரும்பாலோர்க்குச் சில வாரங்களில் மணம் திரும்பியது. சிலருக்கு நாவின் சுவையும் குன்றியதுண்டு. நம் அரசு 2020 ஜூன் 13-இல் இவற்றை நோய்க்குறிகளுள் சேர்த்தது.

மணம் திரும்பாதோர் கிராம்பு, எலுமிச்சை முதலியவற்றை நாளும் இருவேளை முகர்ந்து பழகலாம்; பலன் காண மாதங்கள் ஆகும். அதுவரை அடுப்பின் எரிவாயுக் கசிவை வீட்டிலுள்ள மற்றொருவரே கவனித்தல் வேண்டும்.