மலையருவி முதல் மரக்கலத்துறை வரை

சீறாப்புராணத்தின் நாட்டுப்படலத்தை வகுப்பில் நடத்துந்தோறும் மாணவர் ஒருவரேனும் ஓர் ஐயம் எழுப்புவர். மணற்பாங்கான அரபு நாட்டிற்கு, மலையில் மழை பொழிந்து வெள்ளம் நால்வகை நிலமும் கடந்தோடும் காட்சி எங்ஙனம் பொருந்தும் என்பதே அவ்வையம். 'காப்பிய மரபு' என ஒரு சொல்லில் விடையிறுத்து அப்பால் செல்வது நம் வழக்கம். அவ்விடை பிழையன்று, ஆயினும் நிறைவானதுமன்று. எஞ்சிய விடையை நாம் நம் மாவட்டத்து ஆற்றின் வழியே நடந்துதான் காணல் வேண்டும்.

மலையும் நீரும்

2019ஆம் ஆண்டு தனி மாவட்டமாகிய கள்ளக்குறிச்சியின் மேற்கெல்லையில் கல்வராயன் மலை நிற்கிறது. கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சார்ந்த இது மலையாளிப் பழங்குடியினரின் தாயகம். சாமையும் மரவள்ளியும் கடுக்காயும் தேனும் அவர்தம் விளைபொருள்கள். மேகம், பெரியார் முதலிய அருவிகள் இங்கு வீழ்கின்றன. மலைநீரை அடிவாரத்தில், கச்சிராயபாளையத்தை அடுத்து, 46 அடி உயரமுள்ள கோமுகி அணை தேக்குகிறது. சுற்றுலா வருவோர் பெரும்பாலும் இவ்வணையைக் கண்டு மகிழ்ந்து திரும்பிவிடுகின்றனர். நீரோ திரும்புவதில்லை.

ஆறும் ஏரியும்

கோமுகி, மருதநிலம் புகுந்து மணிமுத்தாற்றோடு கலக்கிறது. மணிமுத்தாறு விருத்தாசலத்தைக் கடந்து, கூடலையாற்றூரில் வெள்ளாற்றைச் சேர்கிறது. ஆறுகள் கூடுமிடமாதலின் அவ்வூர் அப்பெயர் பெற்றது. இன்னும் கிழக்கே, சேத்தியாத்தோப்பினருகே, வீராண ஏரியின் மிகுநீரும் வெள்ளாற்றில் வந்து விழுகிறது. முதற் பராந்தக சோழன் (907–955) காலத்து ஏரி அது. அவனது வீரநாராயணன் என்னும் பெயரே வீராணம் எனத் திரிந்தது. ஈண்டு மலைநீரும் மன்னன் தேக்கிய நீரும் ஒன்றாகின்றன.

பட்டினமும் காப்பியமும்

வெள்ளாறு கடல் சேருமிடம் பரங்கிப்பேட்டை. மகமூது பந்தர் எனவும், போர்த்துகீசியரால் 'புதிய துறைமுகம்' என்னும் பொருள்பட போர்ட்டோ நோவோ எனவும் வழங்கப்பெற்ற ஊர். 1781 ஜூலை முதல் நாள் ஐதர் அலியும் ஆங்கிலேயத் தளபதி அயர் கூட்டும் பொருத களம். 1830ஆம் ஆண்டளவில் ஹீத் என்பார் இங்கு இரும்பாலை நிறுவினார். அதன் உலைகளுக்குச் சேலம் பகுதித் தாதுவும், காட்டு மரத்தின் கரியும் வேண்டியிருந்தன. துறைமுகத்தின் செல்வம் உள்நாட்டு மலைகளையும் காடுகளையும் நம்பியே இருந்தது என்பதற்கு இதுவே சான்று.

தமிழ் மாணவர்க்கு இவ்வூர் பிறிதொரு வகையாலும் உரியது. வள்ளல் சீதக்காதியின் மறைவிற்குப்பின் உமறுப்புலவரை ஆதரித்து, 5,027 விருத்தங்கள் கொண்ட சீறாப்புராணம் அரங்கேறத் துணைநின்றவர் பரங்கிப்பேட்டை அபுல்காசிம் மரைக்காயரே.

உமறு வெள்ளாற்றைத்தான் பாடினார் என்பது நம் கருத்தன்று. ஆயின், நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வரலாற்றைத் தமிழர் நெஞ்சில் பதிக்க விரும்பிய புலவர், தமிழர் கண்டறிந்த ஆற்றையே அவர்கள் நாட்டிலும் ஓடவிட்டார். குறிஞ்சியின் மழையே நெய்தலின் வளம் என்னும் உண்மையைக் கேட்போர் முன்னரே அறிந்திருந்தனர். அதனால் அப்பாடல்கள் அவர்க்கு அயலாகத் தோன்றவில்லை.

இன்றைய மாணவர்க்கு அவை அயலாகத் தோன்றுவதேன்? மழைக்காலம் நீங்கியபின் நம் ஆறுகள் மணற்படுகையாய்க் கிடக்கின்றன. ஓடும் ஆற்றைக் காணாத கண்ணுக்கு ஆற்றைப் பாடும் செய்யுள் வெறும் கற்பனையாகவே படும். ஆறு வற்றினால் வயலோடு பாடலின் பொருளும் வற்றும்.

ஆதலின், மாணவர்காள்! கார்காலத்தில் ஒருமுறை கல்வராயன் மலையில் தொடங்கிப் பரங்கிப்பேட்டை வரை சென்று வாருங்கள். அதன்பின் நாட்டுப்படலத்தை ஓதிப் பாருங்கள். எழுப்பிய ஐயத்திற்கு விடையை வெள்ளாறே கூறும்.