கம்பளம், கம்பளி: சொற்பிறப்பும் பொருட்பரப்பும்

'கம்பளம்' என்ற சொல்லைக் கேட்டவுடன் அதனைக் 'கம்பு' என்னும் அடியோடு சேர்த்துத் தமிழ்ச்சொல்லாகக் கொள்ள மனம் விழையும். ஆட்டு மயிரால் நெய்த முரட்டுத்துணி கம்பைப்போல் விறைத்து நிற்பது அந்த விழைவுக்குத் துணைசெய்யும். ஆயினும் ஒலியொப்புமை மட்டும் சொற்பிறப்புக்குச் சான்றாகாது. ஒரு சொல் எங்கு, எப்பொருளில் முதலில் ஆளப்பட்டது என்பதையே முதற்கண் ஆராய்தல் வேண்டும்.

இச்சொல்லின் மிகப் பழைய ஆட்சி வடமொழியில் காணப்படுகிறது. அதர்வவேதத்தின் 14ஆம் காண்டத்துத் திருமணப் பாடல்களில் 'கம்பல' என்பது இடம்பெறுகிறது. காம்போசர் என்னும் இனப்பெயருக்குப் பொருள் கூறும் யாஸ்கர், கம்பலத்தைத் துய்ப்போர் என அதனைப் பிரித்துக் காட்டுகிறார். அவ்விளக்கம் மொழியியல் நோக்கில் ஏற்கத்தக்கதன்று. எனினும் வடமேற்குக் குளிர்நாட்டு மக்களை நினைத்தவுடன் கம்பளம் நினைவுக்கு வந்தது என்பதற்கு அது நல்ல சான்று. பாணினியின் நூற்பா ஒன்று பாண்டுகம்பலம் போர்த்த தேரைக் குறிக்கும் சொல்லாக்கத்தைக் கூறுகிறது. மற்றொன்று, நூறு பலம் கம்பளி மயிரைக் குறிக்கும் அளவைப்பெயராக உரையாளர் விளக்கும் 'கம்பல்ய' என்பதை ஆக்குகிறது. துணிப்பெயர் எடைப்பெயராகவும் வழங்கிற்று எனின், அதன் வாணிகச் செல்வாக்கு விளங்கும்.

வடமொழியில் உள்ளமையால் அது ஆரியச்சொல்லே என முடித்துவிடவும் இயலாது. 'கதலி', 'சிம்பல' முதலியவற்றோடு 'கம்பல' என்பதையும் ஆய்ந்த பிரெஞ்சு அறிஞர் பிரிசிலுஸ்கி, இவற்றை ஆஸ்திரோ-ஆசிய மொழிகளிலிருந்து பெற்ற கடன்சொற்களாகக் கருதினார். வாழையும் இலவும் வெப்பநாட்டுக்கு உரியவை. மயிர்த்துணியோ குளிர்நாட்டுக்கு உரியது. ஆகவே கம்பளத்தைப் பொறுத்தவரை அவர் கருத்து ஐயத்திற்கு இடமளிக்கிறது.

தமிழில் மயிர்த்துணி இருந்தது. அதற்கு இப்பெயர் தேவைப்படவில்லை. சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதை, மதுரை அறுவைக் கடைகளைக் கூறுமிடத்துப் பருத்திநூலையும் பட்டையும் மயிரையும் சுட்டுகிறது. மயிர் என்னும் இயற்சொல்லே அங்குப் போதுமானதாயிற்று. மணிமேகலையில் வரும் 'பாண்டு கம்பளம்' இந்திரனின் இருக்கை. பாலி மரபில் அது ஒரு கல்லிருக்கை! கம்பளியின் பெயர் கல்லின்மேல் ஏறித் தமிழுக்கு வந்தது என்பது சுவையான செய்தி. சீவக சிந்தாமணியோ நெருப்பை உண்ணும் செவ்வெலியின் மயிரால் ஆன கம்பலத்தைப் பேசுகிறது. ஒன்று பௌத்தக் காப்பியம். மற்றொன்று சமணக் காப்பியம். இவ்விரண்டிலும் கம்பளம் அன்றாடப் போர்வையன்று, அரும்பொருள். 'இரத்தினக் கம்பளம்' என்னும் வழக்கும் சமணக் கதைகள் கூறும் விலையுயர்ந்த 'ரத்னகம்பல'த்தை நினைவூட்டுகிறது.

கம்பலம், கம்பளம் என்னும் லகர ளகர வேறுபாடு, மங்கலம் மங்களம் என்பதை ஒத்தது. இதனால் இருவேறு அடிகளைக் கற்பிக்க வேண்டுவதில்லை. ஆரவாரத்தைக் குறிக்கும் 'கம்பலை' இதனோடு தொடர்பற்ற சொல்.

'கம்பளி' என்ற வடிவின் வரலாறு வேறு. கன்னடத்திலும் தெலுங்கிலும் இதே வடிவம் உண்டு. கருநாடகத்துக் குறுபர் ஆட்டு மயிரைக் கத்தரித்து நூற்று, பாவுக்குப் புளியங்கொட்டைப் பசையிட்டுக் குழித்தறியில் நெய்யும் முரட்டுப் போர்வைக்கு அதுவே பெயர். மழைக்கும் பனிக்கும் ஆயர் தலைவழியே போர்த்துக்கொள்ளும் அத்துணியோடு, மேட்டுநிலத்திலிருந்து பேச்சுவழக்கின் வாயிலாகவே இவ்வடிவம் தமிழுக்கு வந்திருத்தல் கூடும். காப்பியங்களின் வழியே ஒருமுறையும் ஆயர்களின் வழியே மற்றொருமுறையும் இச்சொல் தமிழுக்கு வந்தது எனக் கொண்டால், இன்றைய பொருள்வேறுபாடு தெளிவாகும். அவையில் விரிப்பது கம்பளம். குளிருக்குப் போர்ப்பது கம்பளி. 'செங்கம்பள வரவேற்பு' என்பதைச் 'செங்கம்பளி வரவேற்பு' என்று எவரும் கூறார். மயிரடர்ந்த புழுவைக் 'கம்பளத்துப் பூச்சி' என்றும் எவரும் அழையார்.